விழுந்தாலும் எழும் ராஜா, எதிர்த்துச் சுழலும் கல்: உங்களுக்குத் தெரிந்த விசித்திரப் பொருட்களைச் சொல்லுங்கள்

தஞ்சைவாசி | ஞாயிறு, காலை 9.10

என் தங்கை மகளுக்குச் சென்ற வாரம் இரண்டு வயது முடிந்தது. பெரிய கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு ராஜா பொம்மை வாங்கிக்கொண்டு போனேன். நாற்பது ஐம்பது தடவை தட்டித் தள்ளியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் ராஜா ஆடி ஆடி நிமிர்ந்தார். பிறகு அவள் எழுந்துபோய்ப் பவுடர் டப்பாவையும் பால் டம்ளரையும் எடுத்துவந்து, ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்து, அவற்றையும் தள்ளினாள். இரண்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை என்னை விடவில்லை. இவ்வளவு வயதாகியும் அந்தப் பொம்மையை நான் ஒருநாளும் டம்ளரோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக: தஞ்சாவூர்ப் பொம்மையில் இரண்டு வகை உண்டு. அரைக்கோள அடி வைத்த ராஜா ராணி தள்ளினால் சாய்ந்து நிமிரும். நடனப் பெண்ணின் பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனித் துண்டுகள்; கம்பி முனையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்; காற்றுப் பட்டாலே தலை ஒரு தாளத்திலும் இடுப்பு ஒரு தாளத்திலும் ஆடும். காகிதக் கூழ், மரவள்ளி மாவுப் பசை, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம், இவ்வளவுதான் உடம்பு. ராஜாவின் அடியில் மட்டும் களிமண் கனம். புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

இதற்கு வெளிநாட்டில் உறவினர்களும் உண்டு. சீனர்கள் தங்கள் பொம்மையை 'விழாத கிழவர்' என்கிறார்கள். ஜப்பானின் தருமா பொம்மை போதிதர்மரின் உருவம். அவர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நம் பக்கத்து மரபு சொல்கிறது. அந்தப் பொம்மை இரண்டு கண்ணும் வெறுமையாகத்தான் கடைக்கு வரும். ஒரு வேண்டுதலை நினைத்து ஒரு கண்ணுக்கு மை தீட்டுவார்கள். நிறைவேறிய பிறகே மறு கண்.

இப்படி, பார்த்தவுடன் சிரிக்கவைத்து, அப்புறம் ஏன் என்று கேட்கவைக்கும் பொருட்கள் உங்களுக்கு என்னென்ன தெரியும்?

கணக்காசிரியர் | ஞாயிறு, காலை 11.35

நல்ல இழை. முதலில் ஒரு திருத்தம், ஏனென்றால் பாடப்புத்தகத்துக்கு வெளியே எல்லோரும் இதைப் பாதியாகவே சொல்கிறார்கள். அடியில் கனம் இருப்பதால் மட்டும் பொம்மை எழுவதில்லை. அந்த அரைக்கோள அடியை மனத்துக்குள் முழுப் பந்தாக வரைந்துகொள்ளுங்கள். அந்தப் பந்தின் நடுப்புள்ளிக்குக் கீழே பொம்மையின் ஈர்ப்பு மையம் இருக்க வேண்டும். அப்போதுதான், எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஈர்ப்பு மையம் சற்று உயரும், உயர்ந்தது இறங்கப் பார்க்கும், பொம்மை நிமிரும். வீட்டில் சோதிக்கலாம். ராஜாவின் தலையில் களிமண் உருண்டையை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் ராஜா எந்தச் சாய்வில் விட்டாலும் அப்படியே நின்றுவிடுவார். இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டன என்று பொருள். இன்னும் ஒரு சிட்டிகை களிமண் வைத்தால் விழுந்துவிடுவார்.

இப்போது எனக்குப் பிடித்த பொருளைச் சொல்கிறேன். ராஜா எழுவது ஒளித்துவைத்த களிமண்ணின் உதவியால். அந்த உதவியே இல்லாமல், முழுக்க ஒரே பொருளால் ஆன, உள்ளே ஓட்டையோ வெளியே குழியோ இல்லாத ஓர் உருவம், எப்படி வைத்தாலும் தானாக ஒரே நிலைக்கு வந்து நிற்குமா?

அட்டையில் வெட்டிய தட்டை வடிவத்தால் முடியாது. குழிவில்லாத எந்த வடிவத்தை வெட்டி விளிம்பில் உருட்டினாலும், அது அமைதியாக நிற்க இரண்டு இடமாவது இருக்கும். இது நிரூபிக்கப்பட்டது. அதனால் கனவடிவத்திலும் முடியாது என்றுதான் பலருக்கும் தோன்றும். ஆனால் ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் ஆர்னோல்டு 1995இல் முடியும் என்று ஊகித்தார். ஹங்கேரியின் காபோர் தொமோகோஷ் அந்த ஊகத்தைப் பற்றிக்கொண்டார். கிரேக்கத் தீவான ரோட்ஸுக்கு மனைவியுடன் விடுமுறைக்குப் போனவர், கடற்கரைக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து எத்தனை நிலையில் நிற்கிறது என்று பார்த்திருக்கிறார். இரண்டாயிரம் கற்கள். ஒன்றுகூட அப்படி இல்லை.

கடைசியில் 2006இல் அவரும் பேட்டர் வார்கோனியும் அந்த உருவத்தைக் கணக்கால் கண்டுபிடித்து, செய்தும் காட்டினார்கள். பெயர் கோம்பொட்ஸ், ஹங்கேரிய மொழியில் உருண்டைக்கான சொல்லிலிருந்து செல்லமாக வைத்தது. அது அமைதியாக நிற்கும் நிலை ஒன்றே ஒன்று. மிகக் கவனமாக நிறுத்தினால் ஒரு கணம் நின்று உடனே சாயும் நிலையும் ஒன்றே ஒன்று. பத்து சென்டிமீட்டர் உருவத்தில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் வித்தை கெட்டுவிடும். கூழாங்கல்லில் ஏன் அகப்படவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

வன்னிக்காடு | ஞாயிறு, மாலை 6.02

கணக்காசிரியர் ஐயா, நீங்கள் எழுதிய உருவத்தின் படத்தைத் தேடிப் பார்த்தேன். பார்த்த நொடியில் எனக்கு அது ஆமை.

நான் மன்னார்ப் பக்கம். மழை பெய்த மறுநாள் காலையில் நட்சத்திர ஆமைகள் பற்றைக்குள்ளிருந்து வெளியே வரும். சிறு வயதில் ஒரு நாய் ஒன்றைப் புரட்டிப்போட்டதைப் பார்த்தேன். தூக்கிவிடப் போன என்னை அம்மம்மா தடுத்து, "பொறு பிள்ளை, அது தானாக எழும்பும்" என்றார். நாய் போகும்வரை ஆமை தலையை வெளியே நீட்டவில்லை. பிறகு ஒரு காலை ஒரே ஒருமுறை உதைத்தது. மீதியை ஓடே பார்த்துக்கொண்டது. மெல்ல உருண்டு நிமிர்ந்துவிட்டது.

தேடியதில் அந்த இரண்டு ஆய்வாளர்களும் இதையே பின்னர் ஆராய்ந்திருப்பது தெரிந்தது. அருங்காட்சியகங்களிலும் வளர்ப்பவர்களிடமும் போய் ஆமை ஓடுகளை அளந்திருக்கிறார்கள். தட்டையான ஓடுள்ள நீராமைகள் நீண்ட கழுத்தை ஊன்றி எழும்புகின்றன. உயரமான குவிமாட ஓடுள்ள தரை ஆமைகளுக்குக் கழுத்தும் காலும் குட்டை. அவற்றை வடிவமே எழுப்புகிறது. கோம்பொட்ஸுக்கு மிக நெருங்கிய ஓடு என்று அவர்கள் காட்டியது நம் நட்சத்திர ஆமையின் ஓடு! தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் இலங்கையின் வறண்ட வலயத்திலும் நடமாடும் அதே ஆமை.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் ஆமையைப் பிடித்துப் புரட்டிப் பார்க்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். கள்ளக்கடத்தலால் குறைந்துவரும் உயிர் அது. 2019இல் பன்னாட்டு வணிகத்துக்கே தடை வந்துவிட்டது.

நாலுவேலி | ஞாயிறு, இரவு 9.48

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். ஒரு பேராசிரியர் பத்தாண்டு காலம் ஓர் உருண்டைக்காகச் செலவிட்டிருக்கிறார். எங்கள் ஊரில் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டைகள் நனைகின்றன. ஈரம் அளக்கும் கருவி ஆளுக்கு ஒரு கணக்குக் காட்டுகிறது. அவ்வளவு கூர்மையான மூளை இதுமாதிரி வேலைக்குத் திரும்பியிருந்தால் எத்தனை குடும்பத்துக்கு உதவியிருக்கும்? குழந்தை பொம்மையைத் தள்ளி விளையாடுவது அழகு. பெரியவர்களுக்கு அது போதுமா?

கணக்காசிரியர் | திங்கள், காலை 7.20

கேட்க வேண்டிய கேள்விதான், நாலுவேலி. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

இன்சுலினை வாய்வழியாகக் கொடுக்க முடிவதில்லை. வயிறு அதைச் செரித்துவிடும். 2019இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் ஒரு சிறு பழ அளவுக் குளிகை செய்தார்கள். அதற்குள் உறையவைத்து இறுக்கிய இன்சுலினால் ஆன ஊசி, அதன் பின்னால் அழுத்திவைத்த சுருள்வில், வில்லைப் பிடித்து வைத்திருக்க ஒரு சர்க்கரை வட்டு. வயிற்றில் சர்க்கரை கரைந்ததும் வில் விடுபட்டு ஊசி இரைப்பைச் சுவரில் இறங்கும். ஊசி சுவரை நோக்கி இருந்தால்தானே இறங்கும்? வயிறு குலுங்கிக்கொண்டே இருக்கும் பை. எப்படி விழுந்தாலும் குளிகை ஒரே பக்கமாக நிமிர வேண்டும். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முன்மாதிரி ஆப்பிரிக்காவின் சிறுத்தை ஆமையின் ஓடு. குளிகையின் அடியில் தஞ்சாவூர் ராஜாவைப்போலக் கனமும் வைத்தார்கள். பன்றிகளில் சோதித்து வெற்றி கண்டார்கள். தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். அந்தக் கட்டுரையை நான் விளையாட்டாகப் படிக்கவில்லை.

ஓய்வுபெற்ற வானிலையாளர் | திங்கள், காலை 10.05

நாலுவேலி தம்பி மழையையும் நெல்லையும் பற்றிப் பேசியதால், நானும் ஒரு கல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

படகின் அடிப்பகுதிபோல நீளமாக, வழவழப்பாக இருக்கும் ஒரு கல். மேசையில் வைத்து இடஞ்சுழியாகச் சுற்றினால் ஒழுங்காகச் சுற்றி நிற்கும். வலஞ்சுழியாகச் சுற்றினால் சிறிது தூரம் சுற்றும், தயங்கும், முன்னும் பின்னும் தடதடவென்று ஆடும், அப்புறம் யாரும் தொடாமலே எதிர்ப்பக்கமாகச் சுழலத் தொடங்கும். முதன்முறை பார்ப்பவர்கள் மேசைக்கு அடியில் குனிந்து காந்தம் தேடுவார்கள். தொல்லியலாளர்கள் தோண்டியெடுத்த சில கற்கோடரிகளில் இந்தக் குணம் தெரிந்ததால், அந்தக் கோடரியின் பெயராலேயே ஆங்கிலத்தில் 'செல்ட்' என்றார்கள்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். கல்லின் அடி வளைவுக்கு நீளவாட்டில் ஓர் அச்சு. கல்லின் எடை பரவியிருப்பதற்கு ஓர் அச்சு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் கொஞ்சம் கோணலாக இருந்தால், ஒரு திசைச் சுழற்சி ஆட்டமாக மாறும். அந்த ஆட்டம் மறுபடி எதிர்த்திசைச் சுழற்சியாக மாறும். ஆற்றல் எங்கிருந்தும் புதிதாக வருவதில்லை.

இதற்கு முதலில் சரியான கணிதம் எழுதியவர் கில்பர்ட் வாக்கர். 1889இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். வளைதடி எறிவதிலும் அவ்வளவு ஆசை. நண்பர்கள் 'பூமராங் வாக்கர்' என்றே கூப்பிட்டார்கள். 1890களில் இந்தக் கல்லைப் பற்றி எழுதினார். அப்போது அவருக்கும் மழைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

1899இல் இந்தியாவில் பருவமழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. வானிலைத் துறையோ நல்ல மழை வரும் என்று சொல்லியிருந்தது. அந்த அவப்பெயருக்குப் பிறகு, 1904இல் துறையின் தலைமைக்கு வந்தவர் இதே வாக்கர். சிம்லாவில் இருந்துகொண்டு, உலகம் முழுவதிலிருந்தும் காற்றழுத்தம், மழை, வெப்ப அளவுகளை வரவழைத்து, ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தார். கணிப்பொறி இல்லாத காலம்; எல்லாம் குமாஸ்தாக்களின் கைக்கணக்கு. பசிபிக் கடலின் மேல் அழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது, இங்கே கூடினால் அங்கே குறைகிறது என்று கண்டார். தென் அலைவு என்று அவர் பெயரிட்டது அதைத்தான். இன்று செய்தியில், பசிபிக் கடல் சூடேறுவதை எல் நினோ என்று கேட்கிறீர்களே, அதன் மறுபாதி இது. எங்கள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் கேள்விப்படும் பெயர்களில் வாக்கர் சுழற்சி ஒன்று.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஓர் இளைஞரின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். படித்துப் பார்த்துவிட்டு, இவருக்கு ஆராய்ச்சி செய்ய வசதி தர வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பட்டமே இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்ததில் அந்தக் கடிதத்துக்குப் பங்கு உண்டு.

நாலுவேலி | திங்கள், பிற்பகல் 1.30

ராமானுஜன் செய்தி எனக்குப் புதிது, நன்றி ஐயா. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பேச வேண்டும். வாக்கர் மழைக் கணக்கைப் போட்டது பஞ்சத்துக்காக. கல்லிலிருந்து மழை வரவில்லை. இருவருமே, விளையாட்டுப் பொருள் பிற்பாடு பயன்பட்டது என்று காட்டுகிறீர்கள். அப்படியென்றால் ஒருநாளும் பயன்படாத பொருளுக்கு உங்களிடம் என்ன பதில்?

மரத்தச்சர் மகன் | திங்கள், மாலை 4.44

நாலுவேலி அண்ணன் பிடித்தது சரியான இடம். எனக்கு அந்தக் குளிகையைவிட உருண்டையின் மீதுதான் மதிப்பு. குளிகை வராமலே போயிருந்தாலும் அது குறையாது.

எட்டாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்கு நான் முட்டை ஓட்டில் மணலும் மெழுகும் ஊற்றி எழும் பொம்மை செய்துகொண்டு போனேன். ஓட்டில் சிறு துளை போட்டு, உள்ளிருப்பதை ஊதி எடுத்து, கழுவிக் காயவைத்து, மெழுகு ஒரு பக்கமாக உறையாமல் இருக்க முட்டையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "இது விளையாட்டுச் சாமான், நீர்மேலாண்மை பற்றி ஏதாவது செய்" என்று மேசையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அன்று என்னிடம் யாராவது "ஏன் மெழுகு ஊற்றினாய், மணல் மட்டும் போதாதா?" என்று கேட்டிருந்தால் போதும். என்னிடம் பதில் இருந்தது. மணல் மட்டுமென்றால் சாய்க்கும்போது அதுவும் சரிந்து, ஈர்ப்பு மையம் கூடவே ஓடிவிடும்.

எங்கள் பட்டறையில் மரத்துண்டுகள் கிடக்கின்றன. வாக்கரின் கல்லை நான் மரத்தில் செய்யப்போகிறேன்.

கணக்காசிரியர் | திங்கள், மாலை 5.15

தம்பி, உன் கேள்வியை நான் இப்போது கேட்கிறேன், பதிலும் நீயே சொல்லிவிட்டாய். ஓர் ஒளிப்படத்தை நினைவுபடுத்துகிறேன். 1954இல் ஸ்வீடனில் லுண்ட் நகர இயற்பியல் நிறுவனத் திறப்பு விழா. நீல்ஸ் போரும் வொல்ஃப்காங் பவுலியும், நோபல் பரிசு பெற்ற இரண்டு பெரியவர்கள், கோட்டும் சூட்டுமாகக் குனிந்து தரையில் ஒரு சிறு பம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிவிட்டால் தானே தலைகீழாகத் திரும்பிக் காம்பின் மேல் நின்று சுற்றும் பம்பரம் அது. அவர்கள் முகத்தைப் பார்த்தால் தஞ்சைவாசியின் தங்கை மகள் டம்ளரைத் தள்ளிவிட்டுக் காத்திருந்ததுதான் தெரியும்.

மரத்தச்சர் மகன் | வியாழன், இரவு 8.20

தோல்வி. தேக்குத் துண்டு, பதினைந்து சென்டிமீட்டர் நீளம், மூன்று அகலம். இழைப்புளியால் இழைத்து, அரத்தால் அடியைப் படகுபோல வளைத்து, உப்புத்தாளில் மூன்று நம்பர் மாற்றித் தேய்த்தேன். அப்பா தடவிப் பார்த்து வேலை சுத்தம் என்றார். ஆனால் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒழுங்காகவே சுற்றி நிற்கிறது.

ஓய்வுபெற்ற வானிலையாளர் | வியாழன், இரவு 9.05

வேலை சுத்தமாக இருப்பதுதான் சிக்கல், தம்பி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செதுக்கியிருக்கிறாய். இரண்டு அச்சும் பொருந்திவிட்டன. மறுபடி செதுக்க வேண்டாம். மேல்பரப்பில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு நாணயங்களை ஒட்டு. தலைப்பக்கம் இடது மூலையில் ஒன்று, வால்பக்கம் வலது மூலையில் ஒன்று. கண்ணாடிமேல் வைத்துச் சுற்று.

வன்னிக்காடு | வெள்ளி, காலை 6.50

அப்பா அளவுக்குச் சுத்தமாகச் செய்ததால் சுற்றவில்லை என்பதை வாசித்துவிட்டு நேற்று இரவு நெடுநேரம் யோசித்தேன். முடிவைக் கட்டாயம் எழுதுங்கள் தம்பி.

மரத்தச்சர் மகன் | சனி, காலை 11.12

இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள், மரப்பசை. ஓரிரவு காயவிட்டேன். காலையில் சன்னல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டு வலஞ்சுழியாகச் சுற்றினேன். ஏழெட்டுச் சுற்று ஓடியது. வேகம் குறைந்தது. பிறகு தடதடவென்று மூக்கும் வாலும் மாறிமாறிக் கண்ணாடியைத் தட்டின. நின்றுவிட்டது என்று நினைத்தேன். இல்லை, திரும்பியது! இடஞ்சுழியாக ஒன்றரைச் சுற்று தெளிவாக வந்தது. இடஞ்சுழியாகச் சுற்றிவிட்டால் திரும்பாமல் ஓடி நின்றுவிடுகிறது.

அப்பா நம்பவில்லை. கையில் வாங்கிப் புரட்டினார், மேசையை உளியின் காம்பால் தட்டிப் பார்த்தார், நீர்மட்டம் வைத்து மேசை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் அவரே இரண்டு நாணயங்களையும் பெயர்த்து, மற்ற இரண்டு மூலைகளில் வைத்து, பசை காய்வதற்குக்கூடப் பொறுக்காமல் பட்டறை டேப்பைச் சுற்றிவிட்டு இடஞ்சுழியாகச் சுற்றினார். இப்போது அது அந்தப் பக்கத்திலிருந்து திரும்புகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு அம்மா மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். அப்பா இன்னும் நாணயத்தை நகர்த்திக்கொண்டிருக்கிறார்.

நாலுவேலி | சனி, பிற்பகல் 2.40

தம்பி, நாணயத்தை மூலையிலிருந்து கொஞ்சம் நடுவுக்கு நகர்த்தினால் எவ்வளவு சுற்று திரும்புகிறது? அப்பா அளந்து வைத்திருந்தால் இங்கே எழுதுங்கள். என் வீட்டில் ஒரு வாகைத் துண்டு இருக்கிறது.